பால் பையில் ஒரு சோடிச் சப்பாத்து

கோயில் வாசலில் சச்சிதானந்தன் குனிந்துவிட்டார் என்றால் பின்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். சப்பாத்து இரண்டையும் கழற்றி, அடியோடு அடி சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பொக்கற்றிலிருந்து ஒரு பால் பையை எடுப்பார். மூன்று பால் பைகளை ஒன்றாகப் போட்டு நாலு லீற்றராக விற்பார்களே, அந்த வெளிப்பை. கழுவி, காயவைத்து, நாலாக மடித்தது. சப்பாத்தை அதற்குள் இறக்கி, வாயை இரண்டு முடிச்சுப் போட்டு, சப்பாத்துத் தட்டின் கடைசி மூலையில் சுவரோடு ஒட்டி வைப்பார். இரண்டடி நடந்து ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். "கோயில்ல செருப்புத் துலைஞ்சாச் சனி விட்டுதாம். எனக்குச் சனி நிண்டாலும் பரவாயில்லை, சப்பாத்து நிக்கவேணும்" என்பது அவருடைய கொள்கை.

இத்தனை காவலும் பெறுகிற அந்தச் சப்பாத்து அவருக்கு அளவில்லை என்பதுதான் வேடிக்கை. சாம்பல் நிறத் துணிச் சப்பாத்து. ஒரு சைஸ் சின்னது. குதிப்பக்கம் மிதிபட்டு மடிந்துபோய்க் கிடக்கிறது. சரக் சரக் என்று இழுத்துக்கொண்டு நடக்கிறார். புதுசு வாங்குவோம் என்று மனைவி தவமணியும் ஒன்றரை மாதமாகச் சொல்லிக் களைத்துவிட்டார். "உது நல்லாத்தானே கிடக்கு" என்கிறார் மனுசன்.

வயது அறுபத்திரண்டு. புலம்பெயர்ந்து வந்த ஊரில், டோர்செட் பார்க் தொடர்மாடியொன்றில் பதினோராம் மாடி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். கடைசிப் பிள்ளை இறங்கியதும் பின்சீற் வரை நடந்து, ஒவ்வொரு சீற்றுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார். அது எல்லா ஓட்டுநர்களுக்கும் உள்ள கடமைதான். ஆனால் அகப்படுகிற ஒற்றைக் கையுறையையும் தொப்பியையும் தன் சீற்றுக்குப் பின்னால் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் பிள்ளை ஏறும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். சீனப் பேரோ சோமாலிப் பேரோ, ஒன்றும் அவர் வாயில் சறுக்காது.

ஒரே ஒரு பேர்தான் அந்த வாயில் ஏறவில்லை. அது மருமகனுடைய பேர்.

ஒரே மகள் அட்சயா ஆங்கிலம் படிப்பிக்க யப்பானுக்குப் போனவள், அங்கேயே நவோக்கி என்ற பெடியனைக் கட்டிக்கொண்டாள். கலியாணத்துக்கு இவர் போகவில்லை. லீவு கிடைக்காது என்றார். கலியாணம் நடந்தது யூலையில், பள்ளிக்கூட பஸ் ஒன்றுமே ஓடாத மாதத்தில். மூன்று வருடமாக மருமகன் அவருக்கு "உவர்", இல்லாவிட்டால் "அந்த யப்பான்காரர்". பேரைச் சொல்லிவிட்டால் சம்மதம் கொடுத்ததாகிவிடும் என்ற வீம்பு. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனைத் துண்டில் தன் பேர், தவமணியின் பேர், மகளின் பேர் மூன்றையும் நட்சத்திரத்தோடு எழுதிக் கொடுக்காமல் அவர் வீடு திரும்பியதில்லை. தான் கோவித்துக்கொண்ட மகளுக்கும் அர்ச்சனை தவறவில்லை.

இந்த மார்ச் விடுமுறைக்கு தவமணி இரண்டு விமான ரிக்கற்றை எடுத்து, சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். போகத்தான் வேண்டியிருந்தது.

அங்கே ஒரு நாள், அப்பாவுக்குக் கோயில் என்றால் விருப்பம் என்று அட்சயா ஒரு தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னத் தீவு. கரையில் நின்றால் கொஞ்ச மரங்களும் ஒரு கூரையும்தான் தெரியும். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மணலில் நடந்தே போகலாம். கரையில், மணல் பாதை தொடங்கும் இடத்திலேயே ஒரு பெரிய சிவப்பு வாசல். ஷிண்டோ என்கிற யப்பான் சமயக் கோயில்களுக்கு அப்படித்தான் வாசல் இருக்குமாம். சச்சிதானந்தனுக்கு வாசல் என்றால் வாசல்தான். சப்பாத்தைக் கழற்றி, யப்பான் வரை கொண்டுபோயிருந்த பால் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டுத் தூணடியில் வைத்துவிட்டார். மற்றச் சனம் சப்பாத்தோடு நடந்துபோவதை அவர் கவனிக்கவேயில்லை.

தீவில் ஒரு கல்தொட்டி இருந்தது. சனம் அகப்பையால் தண்ணீர் அள்ளிக் கை கழுவியது. இவர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு காலைக் கழுவினார். அட்சயா ஓடிவந்து தடுப்பதற்குள் இரண்டு காலும் முடிந்துவிட்டது. அதோடாவது விட்டாரா? சன்னிதிக்கு முன்னால் போய், ஊரில் நல்லூர்க் கோயிலில் நிற்கிற மாதிரி, சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிவிட்டார். கடற்காற்றோ பல்லைக் கிட்டவைக்கிற குளிர். இரண்டு கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அட்சயா முகம் சிவந்து வேறு பக்கம் திரும்பினாள். மகளின் முகத்தைக் கண்ட பிறகுதான் தான் செய்த கூத்து அவருக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. இடுப்பிலிருந்த சேட்டை அவிழ்த்துப் போடத் தடுமாறினார்.

நவோக்கி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று இரண்டுதரம் குனிந்து, இரண்டுதரம் கைதட்டி, மறுபடி குனிந்தான். பிறகு மாமனாரைப் பார்த்தான், உங்கள் முறையைச் செய்யுங்கள் என்கிற மாதிரி. இவர் நெற்றியில் மூன்று குட்டுக் குட்டினார். அவனும் குட்டிக்கொண்டான்.

திரும்பி வரும்போது கடல் ஏறிவிட்டது. கணுக்கால் தண்ணீரில் நடந்து வாசலுக்கு வந்தால் தூணடியில் ஒன்றுமில்லை. பால் பை காற்று நிரம்பிய வயிறோடு தூரத்தில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. நவோக்கி தொடை வரை இறங்கிப் பார்த்துவிட்டு, பை அகப்படாமல் திரும்பி வந்தான். வந்தவன், தண்ணீரில் நடக்கக் கழற்றிக் கையில் பிடித்திருந்த தன் சாம்பல் நிறத் துணிச் சப்பாத்தை மணலில் முழங்காலிட்டு இவர் காலுக்கு நேரே வைத்தான். காலை நுழைக்க முடியவில்லை. குதிப்பக்கத்தை மிதித்துக்கொண்டு போட்டார். கார் நிற்கும் இடம் வரை கூரான சல்லிக்கல். பெடியன் வெறுங்காலோடு முன்னால் நடந்தான். ஒருதரமும் "ஆ" என்று சொல்லவில்லை. பின்னால் நடந்தவருக்குத்தான் ஒவ்வொரு கல்லும் குத்தியது. பேரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார். வந்தது "தாங்க்யூ" மட்டும்.

விமான நிலையத்துக்கும் அந்தச் சப்பாத்தோடுதான் வந்தார். அங்கே அட்சயா கேட்டுவிட்டாள். "அவருக்கு ஒரு பேர் இருக்கப்பா. ஒருக்காக் கூப்பிட்டா என்ன குறைஞ்சிடும்?" இவர் பிளைற்றுக்கு நேரமாச்சு என்றார். அதற்குப் பிறகு அவள் தாயோடு மட்டும்தான் கதைக்கிறாள். தவமணி போனில் இருக்கும்போது இவர் குசினி வாசலில் நின்று சும்மா நீர் குடிப்பார். மூன்று கிளாஸ், நாலு கிளாஸ்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் அர்ச்சனை ஜன்னலில் வழக்கமான மூன்று பேரையும் எழுதியவர், துண்டைக் கொடுக்காமல் நின்றார். நாலாவது வரியில் "நவோக்கி" என்று எழுதினார். நட்சத்திரக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. தெரியாவிட்டால் சுவாமி பேரில் செய்யலாம் என்று உள்ளே இருந்த பிள்ளை சொன்னாள். பின்னால் ஏழெட்டுப் பேர். இவர் போனை எடுத்தார்.

யப்பானில் சனிக்கிழமை காலை. எடுத்தது அட்சயா. தகப்பன் ஒருநாளும் தானாகப் போன் எடுக்காத ஆள் என்பதால் அவளுக்குப் பயம். "அப்பா? அம்மாக்கு என்ன?"

"அம்மா சுகம். நவோக்கியிட்டக் குடு, பிள்ளை. பிறந்த நேரம் கேக்கவேணும்."

அந்தப் பக்கத்தில் அட்சயா நவோக்கியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

பின்னால் நின்றவர் என்ன அண்ணை பிரச்சினை என்று கேட்டார். சச்சிதானந்தன் போனைப் பொத்தவில்லை. "கொஞ்சம் பொறுங்கோ. மருமோன்ர நட்சத்திரம் கேக்கிறன்" என்றார். பேனா நுனியை அந்த வெறும் கட்டத்தில் ஊன்றி, எடுக்காமல், அப்படியே நின்றார்.