இரண்டாவது எலி

என் முதல் உத்தியோகம் திருவனந்தபுரத்தில், ஒரு சர்க்கார் கச்சேரியின் ரிக்கார்டு அறையில். அங்கே ஹெட் கிளார்க் ஒருவர் இருந்தார். நெற்றி நிறையச் சந்தனம், காதிடுக்கில் எப்போதும் பேனா. எழுதி அனுப்பிய சொல்லை உயிரே போனாலும் மாற்ற மாட்டார்.

பழைய காகிதக் கட்டுகளைக் கடித்துப் போட்டவை 'மைஸ்' என்று வெள்ளைக்காரத் துரைக்கு எழுதிவிட்டார். ஒரு சுண்டெலி என்றால் மௌஸ்; பல என்றால்தான் மைஸ். நாளைக்கு நேரில் வந்து அவற்றைப் பார்க்கிறேன் என்று துரை பதில் போட்டார். பொறியில் சிக்கியிருந்ததோ ஒரே ஒரு சுண்டெலி!

"மௌஸ்னு திருத்திடலாமே, சார்?" என்றேன்.

"இத்தனை வருஷ சர்வீஸ்லே நான் பொய் எழுதினதில்லை, ஓய்! போய் இன்னொண்ணு கொண்டு வாரும்."

சாலைக்கடை பஜாரில் ஓர் அரிசி மண்டிக்குப் போய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தேன். அவருக்குத் திருப்தியில்லை.

"இது அரிசி தின்ன எலியாக்கும். காகிதம் தின்னாமே நான் எழுதின மைஸ்லே இதை எப்படிச் சேர்க்கறது?"

மேஜையிலிருந்து ஒரு தாளை உருவிப் பொறிக்குள் செருகினார். கண்கொட்டாமல் காத்திருந்தார். எலி கடித்தது.

"இப்போ சத்தியமாச்சு!" என்று பெருமூச்சு விட்டார்.

அந்தத் தாள் என் லீவு விண்ணப்பம். அவரைப் போல உண்மைக்குப் பயந்த மனிதரை அப்புறம் நான் பார்க்கவில்லை. லீவும் கிடைக்கவில்லை.