என் தோள் தாங்கும் கேமரா

மேகமலையில் நடக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் அண்ணனின் பார்வை நேராக என் இடது காலுக்குப் போனது. சின்ன வயதில் போலியோ வந்த கால். முழங்கால் வரை இரும்புப் பட்டை வைத்த ஷூ போட்டுத்தான் நடப்பேன். சின்னமனூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். நாள் முழுக்க நின்றுதான் பாடம் நடத்துகிறேன். வீட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் எல்லோரும் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

கல்லூரித் தோழியும் அவள் கணவரும் எங்கள் சிறு குழுவுக்கு வனத்துறை அனுமதி வாங்கியிருந்தார்கள். இரண்டு நாள் நடை, நடுவில் ஓர் இரவு எஸ்டேட்டில் தங்கல். அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். அந்தப் பையோடு எனக்கு ஒரு கேமராவும் வேண்டும்.

அதை வாங்கத் தேனிக்குப் போனபோது அண்ணனும் கூட வந்தான். கேமராக் கடைக்காரர் அவனைப் பார்த்தே பேசினார்.

“தங்கச்சிக்கு எதுக்குண்ணே கேமரா? இப்பத்தேன் போன்லயே படம் அருமையா விழுகுதுல்ல.”

“அதத்தேன் நானும் சொல்றேன். கேட்டாத்தான.”

“வாங்குறவ நாந்தேன். எங்கிட்டச் சொல்லுங்க,” என்றேன்.

நீள லென்ஸ் வைத்த பெரிய கேமரா ஒன்றை எடுத்து வைத்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் என் உடம்பு இடப்பக்கம் சாயும். கேமராவும் அதே பக்கம் ஆடி என்னைக் கீழே இழுத்தது. போன் கவர் வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று திரும்பவும் நடந்து வந்து அதைக் கழற்றி வைத்தேன். அடுத்து, யாரோ வைத்திருந்து விற்ற சின்ன மிரர்லெஸ் கேமரா ஒன்று. அது நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. இதுதான் என்றேன்.

சின்ன கேமராவுக்குச் சின்ன பேட்டரி, சீக்கிரம் தீர்ந்துவிடும். பவர் பேங்க் போதும் என்றான் அண்ணன். அது கனம், நடக்கிற வழியில் ஒயரை மாட்டிக்கொண்டு என்னால் நிற்கவும் முடியாது. மாற்று பேட்டரி கேட்டேன். கம்பெனி பேட்டரி ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று டூப்ளிகேட். இரண்டையும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் கேமராவும் பேட்டரிகளும் சேர்ந்த கனத்துக்கு ஈடாக ஒரு மாற்றுச் சேலையையும், அண்ணி பலகாரம் கட்டித் தந்த எவர்சில்வர் டப்பாவையும் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன்.

ஜீப் எங்களை மலையில் இறக்கிவிட்டது. தோழியின் கணவர் என்னிடம் வந்தார்.

“டீச்சர், ஜீப்பு எஸ்டேட்டுக்குத்தேன் போகுது, பைய அதுலயே போட்டுருங்க. நீங்களும் ஏறிக்கிட்டா நல்லதுன்னு எல்லாரும் சொன்னாக.”

“எங்கிட்ட யாரும் கேக்கலையே,” என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

அன்று எஸ்டேட்டுக்குக் கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தேன். பட்டை உரசிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு காலையில் மறுபடியும் ஷூவை மாட்டினேன்.

மேட்டுக்கு ஏறியபோது ஒரே மூடுபனி. கேமராவோடு வந்த பேட்டரி முந்தின நாளே தீர்ந்திருந்தது. டூப்ளிகேட்டைப் போட்டேன். நிறைந்திருப்பதாகக் காட்டி, நாலைந்து படத்திலேயே செத்துப்போனது. அதை வாங்கியது என் தப்புதான்.

“போன் இருக்குல்ல டீச்சர்,” என்றார் தோழியின் கணவர்.

 குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்று படித்திருந்ததால், கம்பெனி பேட்டரியைக் காலுறையில் சுற்றி ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தேன். உடம்புச் சூட்டோடு இருந்த அதை எடுத்துப் போட்டதும் கேமரா உயிர் பெற்றது.

பனி விலகியது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். நான் கேமராவை ஒரு பாறை மேல் வைத்து, தானாக எடுக்கிற டைமரைத் திருப்பினேன்.

எங்கள் வீட்டு ஆல்பங்களில் நான் முழுசாக இருக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. அண்ணன் கல்யாணத்தில் என்னை உட்கார வைத்து, மடியில் யார் குழந்தையையோ கொடுத்து எடுத்தார்கள். மற்றதில் எல்லாம் யார் பின்னாலாவது நிற்பேன். கால் தெரியாமல் நிறுத்துவது எல்லோருக்கும் அவ்வளவு பழகிப்போயிருந்தது.

“நான் எடுக்கட்டா?” என்றாள் தோழி.

“வேணாம். நானே எடுத்துக்கிறேன்.”

சற்றுத் தள்ளிப் போய், கேமராவை நோக்கி நடந்து வந்தேன். அது படபடவென்று எடுத்துத் தள்ளியது. ஒரு படத்தில் பை முதுகில், தோள் இடப்பக்கம் சாய்ந்து, சேறு அப்பிய இரும்புப் பட்டை முன்னால் நீண்டிருந்தது. என் முகத்தில் கோபமா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லி ஊர் திரும்பியதும் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன்.

“காலு தெரியாம சரி பண்ணிரவா டீச்சர்?” என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர்.

“தெரியணும்னுதேன் எடுத்தது.”

வீட்டில் அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

“இடுப்புக்குக் கீழ வெட்டியிருக்கலாம்த்தா. நாலு பேரு வந்து போற வீடு.”

“நாலு பேரு பாக்கத்தேன். ஆணி அடிச்சுக் குடுண்ணே. இல்லேன்னா நானே அடிச்சுக்கிறேன்.”

 அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, உத்தரத்துக்குப் பக்கத்தில் ஆணியை வைத்தான்.

“அங்கன வேணாம்,” என்றேன். “இன்னும் கீழ. உள்ள நொழையிறவுக கண்ணுக்கு நேரா.”