துத்தநாகத்தைக் கலந்துவிட்ட கணவர்

தெருவில் அவளுக்குக் களர்க்காரி என்றே பெயர். அவள் திருமணமாகி வந்தபோது கணவர் வீட்டு நிலம் களர் உப்பால் வெள்ளை பூத்துக் கிடந்தது. புல்கூட முளைக்க யோசித்தது. ஜிப்சம் தூவி, வரப்பை உயர்த்தி, தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்து, அதை அவள் வழிக்குக் கொண்டுவந்தாள். அந்த வேலையில் இடுப்பு போயிற்று. கூடவே பொறுமையும் போயிற்று என்பது வீட்டாரின் கருத்து.

களரைத் திருத்தினாலும் அம்மண்ணில் துத்தநாகச் சத்து பயிருக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஆகவே, துத்தநாக உரமான ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தனியாகத் தூவும்படி கணவரிடம் சொல்லிவிட்டு, அவள் நாற்றுப் பறிக்கப் போனாள். இந்தப் போகமும் பொய்த்தால் நிலம் மண் வெட்டச் செங்கல் சூளைக்குப் போய்விடும். கொழுந்தன் சூளைக்காரரிடம் பேசியே வைத்திருந்தான்.

நட்ட மூன்றாவது வாரத்தில் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் விழுந்தன. பயிர் வளராமல் குத்துக்கல்லாய் நின்றது.

"ஏங்க, ஜிங்க்கைத் தனியாத்தானே போட்டீங்க?"

"தனியா எதுக்கு? சூப்பர் பாஸ்பேட்டோட சேத்துக் கலந்து ஒரே வீச்சா வீசிட்டேன். ஒரு நடை மிச்சம்!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் துத்தநாகம் கட்டுண்டுபோகும், வேருக்கு எட்டாது.

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணாத்தானே ஆகுது?" என்றார் அவர்.

"இது உங்க வயிறு இல்லைங்க, வயல்!"

கொழுந்தன் வரப்பில் நின்று உதட்டைப் பிதுக்கினான். "அண்ணி, உப்பு மண்ணு புத்தியைக் காட்டிடுச்சு. அடுத்த வாரம் சூளைக்காரர் பாக்க வர்றாரு."

"இது உப்பு பண்ண வேலை இல்ல தம்பி. உங்க அண்ணன் பண்ண வேலை."

உரக்கடைக்காரரோ தம் பங்குக்குப் பூஞ்சை மருந்தை நீட்டினார். "நோய்தாம்மா, சந்தேகமே இல்ல."

"பயிரைப் பாத்தீங்களா?"

"பாத்தாத்தான் தெரியணுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு, ஜிங்க் சல்பேட்டை மட்டும் வாங்கிவந்தாள். கரைசல் இலையைக் கருக்கிவிடாதிருக்கச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சேர்த்து, வயல் முழுவதும் தெளித்தாள். உதவிக்கு வந்த கணவரை வரப்பில் உட்காரவைத்தாள். அதுவே பேருதவியாக இருந்தது.

சூளைக்காரர் வந்த அன்றும் பழைய இலைகள் துருவேறியே கிடந்தன. கொழுந்தன் அவற்றையே சுட்டிக்காட்டினான். அவள் சேற்றில் இறங்கி, ஒரு நெல் தூரை விரித்துக் காட்டினாள். நடுவில் புள்ளியே இல்லாத புதுக் குருத்து நிமிர்ந்திருந்தது. அடுத்த தூரிலும் அப்படியே.

சூளைக்காரர் குனிந்து பார்த்தார். "குருத்து விட்ட பயிர்ல மண்ணு வெட்டுற பாவம் எனக்கு வேண்டாம்ப்பா," என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

கணவரின் முகம் மலர்ந்தது. "நம்ம நிலம் பொழச்சிடுச்சா?"

"நிலம் எப்பவோ பொழச்சிடுச்சு. உங்ககிட்டேயிருந்து பயிரைக் காப்பாத்தத்தான் இன்னும் மல்லுக்கட்டிட்டு இருக்கேன்," என்று சொல்லி, சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு கரையேறினாள். இன்னொரு முறை தெளிக்க வேண்டியிருந்தது.