மூன்றாவது தடவை

பர்மாவில், தாகேதாவில் குடியிருக்கும் மங்கலம், எஸ்ரா என்ற யூதரின் வீட்டில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தவள். போன சித்திரையில் அங்கே ஒரு வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனது. எஸ்ரா அவளைத் தெருவில் நிறுத்தி, எதிர் டீக்கடைக் கூட்டம் முழுக்கக் கேட்க, "திருடி" என்று கத்தினார். ஒரு வாரத்தில் கிண்ணம் அவர் பெட்டியிலேயே கிடைத்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

யூதர்கள் பாவமன்னிப்பு வேண்டும் யோம் கிப்பூர் நோன்பு நெருங்கியது. அன்று கடவுள் மன்னிப்பார். ஆனால் மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். எஸ்ரா மன்னிப்புக் கேட்டு அவளைத் தேடி வந்தார். "முடியாது" என்று மங்கலம் விரட்டினாள். மறுவாரம் மங்குஸ்தான் கூடையோடு வந்தார். கூடையைச் சாக்கடையில் கவிழ்த்து, "முடியாதுன்னா முடியாது" என்றாள்.

நோன்பு தொடங்கவிருந்த மாலையில் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். திருடி இப்போது 'டோ மங்கலம்' ஆகியிருந்தாள், பர்மிய மரியாதையோடு.

"டோ மங்கலம், மன்னிச்சிரும்மா. முடியாதுன்னாலும் சொல்லிரு, போயிடறேன்" என்றார், அவளிடம் கற்ற தமிழில்.

மூன்று தடவை கேட்டும் மறுத்துவிட்டால் கேட்டவர் மேல் பாவமில்லை என்பது அவர்கள் வழக்கம். நோன்புக்கு முந்தைய சாப்பாட்டை இத்தனை வருஷம் பரிமாறியவளுக்கு அது தெரியாதா?

"முடியாதுன்னு இந்தத் தடவை நான் சொல்லலியே ஐயா. அந்த டீக்கடை வாசல்ல நின்னு கேளுங்க. பதில் அங்கதான்."

செருப்பை மாட்டிக்கொண்டு மங்கலம் முன்னால் இறங்கினாள். எஸ்ரா அசையவில்லை.