வசந்தி கூரையில் எறிந்த பல்

வெல்லத்தையும் சுண்ணாம்பையும் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் குழைத்தால் முதலில் மணலைப்போல நெறுநெறுக்கும், பிறகு சட்டென்று இளகி நீர் விட்டுக்கொண்டு கை சுட ஆரம்பிக்கும். காரமும் இனிப்பும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். அதைக் கடைசியாக நான் குழைத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இன்று நாற்பத்தாறு. கோயம்புத்தூரில் ஒரு தபால் நிலையத்தின் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தாளையும் பசையையும் தொடுகிற கை இது. ஆனாலும் இரண்டு மாதங்களுக்கு முன் என் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து இந்த இடது உள்ளங்கையில் அந்தச் சூடு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது நாங்கள் பொள்ளாச்சியில் இருந்தோம். அப்பா ஒரு வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். அம்மா தேங்காய்க் களத்தில் கொப்பரை காயவைக்கப் போவாள். தங்கை வசந்தி என்னைவிட மூன்று வயது இளையவள். மண்டியில் சிப்பம் கட்டும்போது உடைந்து சிதறுகிற வெல்லத்தை 'உடைசல்' என்பார்கள். அதை அப்பா காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார். கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே வசந்தியைக் களத்து நிழலில் படுக்கவைத்துவிட்டு, அவள் அழாமல் இருக்க அம்மா ஒரு துண்டு உடைசலைக் கன்னத்துக்குள் அடக்கிவிடுவாள். அது பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற வயதிலும் கன்னத்தில் வெல்லம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. "எங்கூட்டுப் புள்ளைக்குத் தாலாட்டே வேண்டாமுங்க, வெல்லம் போதும்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாள். காலையில் சிவப்புப் பல்பொடியை விரலில் தொட்டு நாலு தேய் தேய்த்து, பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் துப்புவோம். அவ்வளவுதான் அன்றைய நாளுக்கு எங்கள் பல் பராமரிப்பு. வருடம் முழுக்க அப்படித்தான்.

வசந்திக்கு ஒன்பது வயதானபோது கீழ்வாயில் இடதுபக்கக் கடைப்பல் கறுத்தது. பிறகு குழிந்தது. சோற்றை வலப்பக்கமாகவே மென்றாள். அப்பாவிடம் காட்டினால், தாடையைத் தூக்கி வாய்க்குள் பார்த்துவிட்டு, "பால் பல்லு கண்ணு. தானா உழுந்துபோயிரும், பொறவு புதுசா மொளைக்கும்" என்பார். அவர் அதை அலட்சியமாகச் சொல்லவில்லை, உறுதியாக நம்பிச் சொன்னார். ஆறு வயதில் வாயின் கடைசியில் ஓசையில்லாமல் முளைக்கிற அந்தப் பல்லுக்கு முன் எந்தப் பல்லும் விழுவதில்லை; அதனால் அது வாழ்நாள் முழுமைக்குமான பல் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இன்றும் எத்தனையோ பேருக்குத் தெரியாது.

ஒரு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழுந்தபோது இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. எதிர்வீட்டு சரோஜா அக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, புள்ளை ஒரு பக்கம் பூசணிக்காயாட்ட இருக்குது! கல்யாணப் பலகாரத்தையெல்லாம் ஒரே கன்னத்துல அடக்கிப்போட்டாளாட்ட இருக்குது" என்று சிரித்தாள். வசந்தியும் சிரிக்கப் பார்த்து, வலி தாங்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டாக்டரிடம் காட்டலாம் என்று அம்மா மெல்ல ஆரம்பித்தாள். அப்புறம் அவளே, "பல்லைப் புடுங்குனா கண்ணு மங்கிப்போகுமாமாங்க" என்று பின்வாங்கினாள்.

கட்டி வந்தால் வெல்லமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். பழுத்து உடைந்து வடிந்துவிடும். காலில் வந்த கட்டிக்கும் கையில் வந்த கட்டிக்கும் அப்பா அதைத்தான் செய்வார். வீட்டில் வெல்லத்துக்குக் குறைவில்லை. வெற்றிலை போடுகிற அப்பாவிடம் சுண்ணாம்பு டப்பி எப்போதும் உண்டு. "நல்லாக் குழை கண்ணு, சூடு ஏறோணும்" என்று என்னிடம் கொடுத்தார். நான் குழைத்தேன். அவர் பூசினார். நான் வசந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "எரியுதுக்கா, எரியுதுக்கா" என்றவளிடம், "சித்த நேரம், சரியாப் போயிரும்" என்று நான்தான் சொன்னேன். பன்னிரண்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். தெரியாது என்பதைத்தான் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

நான்காம் நாள் கட்டி உடைந்தது. ஆனால் வாய்க்குள் அல்ல, வெளியே, தாடையின் ஓரத்தில், தோலைத் துளைத்துக்கொண்டு. அதைப் பார்த்தபிறகுதான் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பல்லைப் பிடுங்கிவிட்டு, வெளியே சூடு வைத்ததால்தான் சீழ் வெளிப்பக்கமாக வழி தேடிக்கொண்டது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம். இன்னொன்றும் சொன்னாராம், இது பால் பல் இல்லை, இனி முளைக்காது என்று. சாயந்திரம் அடுப்படியில் அம்மாவிடம் அப்பா அதைத் தணிந்த குரலில் சொல்வதை நான் கேட்டேன். "அவகிட்டச் சொல்லிப்போடாத. அழுவா."

ஆஸ்பத்திரியிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொடுத்த பல்லை வசந்தி வாங்கிக்கொண்டாள். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தால் புதுப்பல் சீக்கிரம் முளைக்கும் என்று நாங்கள் எல்லோரும் செய்வதுபோல, கன்னத்தில் கட்டோடு வாசலில் நின்று, அதை உருட்டி ஓட்டின்மேல் எறிந்தாள். அது உருண்டு திரும்பி வந்துவிடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளக் கொஞ்ச நேரம் அண்ணாந்தபடி நின்றாள். அப்பா வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் காத்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறையாவது ஜன்னலோரம் என்னை இழுத்துக்கொண்டுபோய், "அக்கா, மொளைச்சிருச்சான்னு பாரேன்" என்று வாயைத் திறப்பாள். வெளிச்சத்தில் குனிந்து அந்த வெற்று ஈறைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெள்ளையாத் தெரியுது, சித்த நாள் போகட்டும்" என்பேன். நான் முதன்முதலில் ஒருவர் வாய்க்குள் பார்த்ததும் அதுதான், பார்த்துவிட்டுப் பொய் சொன்னதும் அதுதான். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பற்களைப் பற்றிய பாடம் நடந்திருக்கிறது. வந்தவள் பையைக்கூட இறக்காமல், "உனக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் அன்றிலிருந்து சிரிக்கும்போது இடதுகையால் தாடையை மூடுவாள். அங்கே ஒரு சிறுகுழி இருக்கிறது, கட்டைவிரல் நுனி அளவுக்கு. சித்தப்பா பெரியப்பா வீட்டு விசேஷப் படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கை இருக்கிறது.

எனக்குத் தாரணி பிறந்தபோது, இந்தக் குழந்தைக்கு அந்தக் குழி விழக்கூடாது என்பதைத் தவிர வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருக்கவில்லை. முதல் பல் முளைத்த நாளிலிருந்து ஈரத்துணியால் துடைத்தேன். சமையலறைக் காலண்டரில் வருடத்தையே பல்லுக்காகப் பிரித்துவைத்தேன். தைமாதம் கரும்பு தின்றால் உடனே கொப்பளிக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் ஒருமுறையும், தீபாவளி பலகாரம் முடிந்ததும் ஒருமுறையும் டாக்டர். என் கணவரின் ஊர் ஈரோட்டுப் பக்கம். அங்கே ஆடி முதல்நாள் தேங்காய்க்குள் வெல்லமும் எள்ளும் பாசிப்பருப்பும் அடைத்து நெருப்பில் சுடுவார்கள். எல்லோரும் சுடச்சுடத் தோண்டித் தின்னும்போது நான் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரோடு மகள் பின்னால் நிற்பேன். "ஏனம்மணி, புள்ளையச் சித்த நேரம் சந்தோசமா உடமாட்டியா? பல்லு என்ன ஓடியா போயிரும்?" என்பார் என் மாமனார். ஆமாம், ஓடிப்போகும் என்று எனக்குத் தெரியும்.

தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, "தொற கண்ணு, இன்னும் பெருசா" என்று வாயைப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே சொல்வேன், ஒழுங்காகத் தேய்க்காவிட்டால் சித்தி மாதிரி குழி விழும் என்று. கதையாகச் சொன்னேன், பயமுறுத்தலாகச் சொன்னேன், எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பதினோரு வயது ஆனதும், "நானே பாத்துக்கறனுங்கம்மா" என்று அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். பெண் வளர்ந்துவிட்டாள் என்று நான் நிம்மதியடைந்தேன். அந்த வருடம் வீடு மாறியதில் ஜூன் மாதத்து டாக்டரும் தள்ளிப்போனது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. வயிற்றுவலி என்று தாரணி பள்ளிக்குப் போகவில்லை, முகத்தைப் போர்வையால் மூடிப் படுத்திருந்தாள். நான் நெற்றியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பதினொரு மணிக்குக் கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது வசந்தி பொள்ளாச்சியிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, தாரணி போன் பண்ணுனா. 'சித்தி, அந்தக் குழி உழுகறப்ப உங்களுக்கு வலிச்சுதுங்களா'ன்னு கேக்கறா. நீ மொதல்ல ஊட்டுக்குப் போ. போயி அவ வாயத் தொறந்து பாரு."

வீட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினேன். இடதுபக்கம்தான். தாடையிலிருந்து கழுத்துவரை பாறைபோல இறுகியிருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. வாயைத் திற என்றால் ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. வருடக்கணக்காகத் தினமும் திறந்த வாய் அது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "எத்தனை நாளா வலி?" என்றார். நான் இன்றைக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தாரணி இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு நாளா?" அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "ரெண்டு வாரம்?" ஆமென்று தலையசைத்தாள். ஆடிமாதம் தேங்காய் சுட்டதிலிருந்தே வலி. காய்ச்சலுக்கு வாங்கிவைத்திருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கியிருக்கிறாள். என்னிடம் சொன்னால் தாடையில் குழி விழும் என்று நினைத்தாளாம். சொல்லாமல் இருந்தால் விழாது என்று.

வீக்கம் மூச்சுக்குழாயை அழுத்தாமல் பார்க்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டேன். அவளை உள்ளே கொண்டுபோன பிறகு அந்த நீண்ட நடைவழியில் எனக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. என் கணவர் சுவரைப் பார்த்து நின்றார். வசந்தி பஸ் பிடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதுகொண்டே நான் என் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவள்தான் பார்த்தாள். "கையில என்னக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் அந்தக் கையைப் பிடித்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐந்து நாளில் வீக்கம் இறங்கியது. கடைப்பல்லை எடுத்துவிட்டார்கள். வெளியே குழி விழவில்லை. தெளிந்து உட்கார்ந்ததும் தாரணி முதலில் கேட்டது, "அது பால் பல்லுங்களாம்மா?" என்றுதான். நான் ஜன்னலைப் பார்த்தேன். என் அப்பா அன்று வாசலில் வேறுபக்கம் பார்த்தது நினைவுக்கு வந்தது. வசந்திதான் சொன்னாள்: "இல்ல சாமி. இனி மொளைக்காது. சித்திக்கும் மொளைக்கலை பாரு." சொல்லிவிட்டு, கன்னத்தை விரலால் இழுத்து அந்த வெற்றிடத்தைக் காட்டினாள். தாரணி நெடுநேரம் அதையே பார்த்தாள், பிறகு அழுதாள். அழவிட்டோம்.

இப்போது அந்த மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அப்பாவின் சுண்ணாம்பு டப்பி அவர் போனபிறகு எங்கே என்று தெரியவில்லை. ஓட்டுவீட்டை இடித்துத் தளம் போட்டபோது வசந்தி எறிந்த பல்லும் மண்ணோடு போயிருக்கும். இவை போனதற்காக எனக்கு வருத்தமில்லை. தாரணியின் சிரிப்புதான் போய்விட்டது. சிரிக்க வந்தால் இடதுகை தானாகத் தாடைக்குப் போகிறது. அங்கே மறைக்க ஒன்றுமே இல்லை, ஆனாலும் போகிறது. அதை எந்தக் காலண்டரில் எந்த மாதத்தில் குறித்துச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வசந்தி வந்திருந்தாள். சாப்பிட்டு எழுந்ததும் பழக்கதோஷத்தில் நான் டார்ச்சை எடுத்தேன். தாரணி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்கம்மா. மொதல்ல நீங்க தொறங்க" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். வசந்தி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "தொறக்கா. ஊரு வாயெல்லாம் பாத்தயில்ல."

வெளிச்சம் முகத்தில் அடித்தது. மகள் குனிந்தாள். "பின்னால ஒண்ணு கருப்பா இருக்குதுங்கம்மா. வலிக்குதுங்களா?"

வலிக்கிறது. ஏழெட்டு மாதமாக ஒருபக்கமாகத்தான் மெல்லுகிறேன். பயமாக இருந்தது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்துவைத்து, மேலே ஒருவர் வெளிச்சத்தோடு நிற்கும்போது, எதையும் சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தினம் தினம் அந்த நாற்காலியில் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"தொறங்கம்மா, இன்னும் பெருசா" என்றாள் தாரணி.