மெகருன்னிசா டீச்சரின் இரண்டு தேர்வுகள்

செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பும்போது போன் வந்தது. "சார், அம்மா மௌத்தாயிட்டாக. சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பெறகு அடக்கம்" என்றார் மெகருன்னிசா டீச்சரின் மகன். வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டுச் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

விருதுநகரில் சிறப்புக் கல்வி டிப்ளமோ வகுப்பு எடுக்கிறவன் நான். அவர் சிவகாசியில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளியில் முதல் பதினைந்து வருடம் உதவியாளர். பெயர்தான் உதவியாளர்; பாடம் எடுத்ததெல்லாம் அவர்தான் என்பது இந்த அஞ்சலியைப் படிக்கிற, அவரோடு வேலை பார்த்த உங்களுக்கே தெரியும். பதிவு எண் இல்லாதவர் வகுப்பெடுக்கக் கூடாது என்று ஆய்வுக்கு வந்தவர்கள் கெடு வைத்துக் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பதிவு எண்ணுக்கு டிப்ளமோ வேண்டும், டிப்ளமோவுக்குப் பிளஸ் டூ வேண்டும். அவர் படித்ததோ பத்தாவது. நாற்பத்தாறு வயதில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதிவிட்டு, மகன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். "இம்புட்டு வயசுக்கு மேல எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"அந்த வகுப்ப விட்டுட்டு எங்கன சார் போவேன்?" என்றார்.

இரண்டாம் ஆண்டு முடிவில் செய்முறைத் தேர்வு. ஒரு பிள்ளைக்கு நாற்பது நிமிடம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். மதிப்பெண் போடுகிறவன் நான். அவர் அழைத்து வந்தது மாரீஸ்வரி என்ற பத்து வயதுப் பெண்ணை. அவள் அம்மாவுக்கு நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. சாப்பாட்டு டப்பாவைத் தானே திறப்பதுதான் பாடம். மெகருன்னிசா ஒருமுறை திறந்து காட்டினார், திரும்ப மூடி அவள் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அந்தப் பிள்ளை மூடியைத் தடவியது, நகத்தால் சுரண்டியது, டப்பாவைத் தள்ளிவிட்டு அழுதது. அவர் டப்பாவைத் திரும்ப எடுத்து முன்னால் வைத்ததோடு சரி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேரம் முடிந்தது, டப்பா திறக்கவில்லை. 'ஆசிரியர் பாடம் நடத்தவில்லை' என்று எழுதி, தோல்வி போட்டேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?" என்று வெளியே வந்து சத்தம் போட்டேன்.

"நான் பேசுனா அவ என் மூஞ்சியத்தான் பாப்பா சார். டப்பாவப் பாக்க மாட்டா."

விதி என்று ஒன்று இருக்கிறதே என்றேன். அப்போதெல்லாம் எனக்கு வாயைத் திறந்தால் விதிதான்.

கெடு முடிந்ததால் அந்த ஒரு வருடம் பதிவு எண் உள்ள வேறொருவர் அவருடைய வகுப்புக்கு வந்தார். தான் நடத்திய வகுப்பிலேயே மெகருன்னிசா பாய் விரித்தார், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டார், ஓரமாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பாவத்தைச் செய்தவன் நான்.

மறுவருடம் அதே பெண், அதே டப்பா. புதிதாக வந்தவர் அவசரத்துக்குத் தானே திறந்து கொடுத்துவிடுவாராம்; மாரீஸ்வரி இன்னும் பழகியிருக்கவில்லை. இந்த முறை மெகருன்னிசா நாற்பது நிமிடமும் பேசினார். படம் காட்டினார், பாடினார், கை தட்டினார். கடைசியில் அவள் கையைப் பிடித்துத் தானே திறந்துவிட்டார். தாராளமாக மார்க் போட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு உங்களுக்குப் பாடம் எடுத்தேன் சார். அவளுக்கு நாளைக்குத்தான் எடுக்கணும்."

ஓங்கி அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பதிவு எண் வந்தது. அதன் பிறகு கடைசிவரை அந்த வகுப்பு அவருடையதாகவே இருந்தது.

அடக்கம் முடிந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, மாரீஸ்வரி தன் அம்மாவோடு கம்பெனி வேனில் வந்து இறங்கினாள். இப்போது அவளுக்கு இருபது வயது. வாசலில் செருப்பு வார் கழலவில்லை. அழுதுகொண்டே இழுத்தாள். அம்மா குனிந்தார். "இருங்கம்மா. அவளே கழட்டட்டும்" என்றேன். கூட்டம் எங்களையே பார்த்தது. நான் பேசவில்லை; கடிகாரத்தையும் பார்க்கவில்லை. டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான், அதுவும் தாமதமாக.

வார் கழன்றது. மாரீஸ்வரி என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த செருப்பைப் பார்த்தாள்.