தாய்மாமன் வண்டிக்கு ஒரு ஹாரன்

1. போனட்டைத் திறந்த நாள்

வீட்டுக்கு ஏழு சீட்டு வண்டி வந்த மறுநாள் காலையிலேயே நான் போனட்டைத் திறந்துவிட்டேன். வாசலில் நின்ற என் மனைவி செல்வி பதறிப்போனாள்.

"என்னாங்க, நேத்துத்தான வந்துச்சு! அதுக்குள்ள எதுக்கு அதும் வயித்தக் கிழிக்கறீங்க?"

நான் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பஸ் ஒயரிங்கைத் தவிர வேறு எதையும் உருப்படியாகக் கற்றுக்கொண்டவன் இல்லை. சமையலறையில் மிளகுத்தூள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு பஸ்ஸின் டாஷ்போர்டுக்குப் பின்னால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதனால்தான் ஷோரூமில் டை கட்டிய பையன் பேசப் பேச எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், கேரியர், ஃபுட் ஸ்டெப், ரிவர்ஸ் கேமரா எல்லாம் நாங்களே ஃபிட் பண்ணிக் குடுத்துருவோம். வெளிய பண்ணி ஒயரை வெட்டிட்டீங்கன்னா வாரண்டி போயிரும் சார்."

"வெட்டுனாத்தானப்பா போவும்? வெட்டாம போட்டா?"

அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் எனக்கு ஒரு டீ சொன்னார்.

ஆக, எல்லாவற்றையும் நானே மாட்டுவது என்று முடிவானது. முதலில் ஃபுட் ஸ்டெப். செல்வி கொஞ்சம் குள்ளம். சேலை கட்டிக்கொண்டு அந்த உயரத்துக்கு ஏறுவது அவளுக்குப் பெரும்பாடு. சேஸிஸில் கம்பெனியே துளை விட்டிருந்தது, டிரில் போடத் தேவையில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். இங்கே இளைய நண்பர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பிராக்கெட் மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி ஏற்றிவிட வேண்டும். ஸ்பேனர் அப்புறம்தான். நான் முதல் போல்ட்டையே முழு மூச்சாக முறுக்கிவிட்டேன். மிச்சப் போல்ட்டுகள் ஒன்றும் துளைக்கு நேராக வரவில்லை. முறுக்கியதைக் கழற்ற முறுக்கியதைவிட அதிக நேரம் பிடித்தது. செல்வி குனிந்து எட்டிப் பார்த்து, "ஷோரூம்ல டீயாவது குடுத்தாங்க" என்றாள்.

மாட்டி முடித்ததும் சோதனை ஓட்டம் அவள்தான். புது வண்டியில் வலது காலை வைத்துத்தான் ஏற வேண்டும் என்றாள். சரி, ஏறு என்றேன். அவள் நின்றதோ வலப்பக்கக் கதவில். அந்தப் பக்கம் வலது காலை முதலில் வைத்தால் உடம்பு தானாகப் பின்பக்கம் திரும்பிவிடும். உள்ளே போய் சீட்டுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். இறங்கி, மறுபடி ஏறி, மறுபடியும் அப்படியே. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. கடைசியில் இடப்பக்கக் கதவுக்குப் போனாள். அங்கே வலது கால் அம்சமாகப் பொருந்தியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் செல்வியின் கதவு.

ரிவர்ஸ் கேமராவை ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மேல் கேரியரை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் முடித்தேன். ஒரு கம்பெனி ஒயரைக்கூட வெட்டவில்லை. கேமரா திரையில் முதன்முதலாகத் தெரிந்தது பக்கத்து வீட்டுக் கோழி. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. நான் எங்கள் ஊரான இண்டூரையே விலைக்கு வாங்கியவன் போல நடந்தேன்.

2. வசந்தா கேட்டது

அந்தச் சமயத்தில்தான் வசந்தா போன் செய்தாள். அவள் என் கடைசித் தங்கை, அரூரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. அந்த வீட்டில் யாரும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் விசேஷம் என்று வந்தால் அவள் பின்வரிசையில் நிற்பது வழக்கமாகிப் போனது. யாரும் நிற்கச் சொல்லவில்லை, யாரும் முன்னால் கூப்பிடவும் இல்லை. நான் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவேன்.

பிறகு யாழினி பிறந்தாள். இப்போது அவளுக்கு மூன்று வயது, தீர்த்தமலை அடிவாரத்தில் காது குத்து. சீர் கொண்டுபோக வேண்டியவன் நான். குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமனான என் மடியில்.

"ண்ணா, நீ ஒண்ணு பண்ணணும்" என்றாள் வசந்தா.

"சொல்லும்மா. பட்டுப்பாவாடை எடுத்தாச்சு, தோடு வாங்கியாச்சு, வாழைத்தாரு சொல்லியாச்சு."

"அதில்லண்ணா. பஸ்ஸு டிரையல் எடுக்கறப்ப நம்ம வூட்டாண்ட வந்தா ஹாரன ஒரு அமுக்கு அமுக்குவியே, நாங்கூட வெளிய ஓடியாருவனே. அந்த மாதிரி அமுக்கிட்டு வரணும். எம் பொண்ணுக்குத் தாய்மாமன் வர்றது இவங்க எல்லாருக்கும் கேக்கணும்."

"மேளம் வெக்கறாங்கல்ல?"

"மேளம் அவங்க வெக்கறது. எனக்கு எங்கண்ணன் சத்தம் வேணும்."

போனை வைத்தேன். வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் இது. இதைச் செய்யவில்லை என்றால் டிப்போவில் இத்தனை வருடம் நான் என்ன கிழித்தேன்?

3. எப்பவும் எடுக்கிறது

தருமபுரியில் ஒரு லாரி ஸ்பேர்ஸ் கடை. டிப்போவுக்கு அவசரத்துக்குச் சாமான் வாங்க நான் எப்போதும் போகிற இடம். கடைக்காரர் குப்புசாமி என் தலை தெரிந்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க, வாங்க. என்ன எடுக்கட்டுங்க?"

"ரெட்டைக் கொழாய் ஏர் ஹாரனுங்க. கம்ப்ரஸரோட. கனமாக் கேக்கணும்."

"எப்பவும் எடுக்கறதுதானுங்களே?"

"அதேதான்."

அவர் எடுத்துக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிலேயும் ஃபியூஸும் ஒயரும் மட்டும் பக்கத்தில் இருந்த கார் அக்சஸரீஸ் கடையில் ஒரு செட்டாக வாங்கினேன்.

மறுநாள் டிப்போவில் பெஞ்ச் மேல் வைத்து, அங்கே இருந்த பஸ் பேட்டரி ஜோடியில் கொடுத்துப் பார்த்தேன். அடேயப்பா! டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். சூப்பர்வைசர் அறையிலிருந்து ஓடி வந்து, "யோவ், எந்த வண்டிய்யா உள்ள வருது?" என்றார். எனக்குப் பரம திருப்தி.

வீட்டில் வந்து மாட்டினேன். கம்பெனி ஹாரனைத் தொடவில்லை, புதியதற்குத் தனி சுவிட்ச். பேட்டரியிலிருந்து நேராக லைன், நடுவில் ஃபியூஸ், ரிலே, ஒயருக்கு மேல் டியூப், கிளிப் எல்லாம் பிசிறில்லாமல். நான் பார்த்த வேலைகளில் இவ்வளவு அழகாக ஒன்று அமைந்ததில்லை. சுவிட்சில் விரலை வைக்கப் போனேன். செல்வி கையைப் பிடித்துவிட்டாள்.

"மொதச் சத்தம் சாமி முன்னாலதாங்க. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வெச்சு, அப்புறந்தான் அமுக்கணும்."

"சோதிச்சுப் பாக்க வேணாமா?"

"அதான் டிப்போல பாத்தன்னு சொன்னீங்கல்ல? ஆமா, இத போலீஸு புடிக்க மாட்டாங்களா?"

ரோட்டில் அடிக்க மாட்டேன், அடிவாரத்தில் ஒரே ஒரு அமுக்கு, வந்ததும் கழற்றிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சொன்னதும் ஞாயமாகத்தான் பட்டது. வாகன விஷயத்தில் சாமியைப் பகைத்துக்கொண்டவன் எங்கள் டிப்போவில் யாரும் கிடையாது.

4. அடிவாரம்

சீர்த்தட்டுகளைப் பின் சீட்டில் அடுக்கி, வாழைத்தாரையும் பாய், பாத்திரத்தையும் கேரியரில் கட்டி, மொரப்பூர் வழியாக அரூர் போய் தீர்த்தமலை அடிவாரத்தை அடைந்தோம். மண்டபத்துக்கு முன்னால் நல்ல கூட்டம். வண்டி வருவதைப் பார்த்ததும் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வசந்தா வாசலுக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் மாமியார், நாத்தனார், அந்த வீட்டு ஆட்கள். இவள் வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால். ஆனாலும் குதிகாலை உயர்த்தி எட்டி எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த ஆவலை என்னால் சொல்ல முடியாது.

உள்ளே யாழினியின் அழுகை காதைப் பிளந்தது. காது குத்த வந்த ஆசாரியின் கையில் ஊசியைப் பார்த்திருக்கிறாள். தூணைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். ஆள் மாற்றி ஆள் தூக்கப் போய், ஒரு சித்தப்பா கையில் கடி வாங்கியிருந்தார். நல்ல நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

செல்வி இறங்கி, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் எலுமிச்சையை நசுக்கி வண்டியை முன்னால் எடுத்து நிறுத்தினேன்.

"இப்ப அமுக்குங்க" என்றாள்.

மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். வசந்தாவைப் பார்த்தேன். சுவிட்சை அழுத்தினேன்.

"ம்ம்மே...ஏ...ஏ."

அவ்வளவுதான். பால் குடிக்காத ஆட்டுக்குட்டி ஒன்று போனட்டுக்குள் முனகியது. மறுபடி அழுத்தினேன். "ம்மே...ஏ."

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் இருபத்து நாலு வோல்ட். வீட்டு வண்டிக்குப் பன்னிரண்டு. நான் மாட்டியிருப்பது இருபத்து நாலு வோல்ட் ஹாரன். பாதிக் கரண்டில் கம்ப்ரஸர் எப்படிக் காற்றை அடிக்கும்? இது ஐ.டி.ஐ. முதல் வருடப் பாடம். பஸ்ஸைத் தவிர வேறு வண்டியைத் தொடாதவனுக்கு உலகத்து வண்டியெல்லாம் இருபத்து நாலு வோல்ட்டுதான். குப்புசாமிக்கும் அப்படியே.

வசந்தாவின் குதிகால் கீழே இறங்கியது. அவள் கண்ணைத் தாழ்த்துவதைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனையோ பிரேக் டவுனைப் பார்த்தவன்தான், அப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

திடீரென்று மண்டபத்துக்குள் அழுகை நின்றது.

"அம்மா! மாமா வண்டிக்குள்ள ஆட்டுக்குட்டி இருக்குது!"

தூணை விட்டுவிட்டு யாழினி ஓடி வந்தாள். பெரியவர்கள் காலுக்கிடையில் புகுந்து, ஃபுட் ஸ்டெப்பில் ஏறி, என் மடியில் வந்து உட்கார்ந்தாள். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. "எங்க மாமா? இன்னொரு வாட்டி கத்தச் சொல்லு."

சுவிட்சைக் காட்டினேன். அழுத்தினாள். "ம்மே...ஏ." கையைத் தட்டிச் சிரித்தாள். மறுபடி அழுத்தினாள். முதலில் மேளக்காரர் சிரித்தார். அப்புறம் கடி வாங்கிய சித்தப்பா. அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை.

சம்பந்தியம்மா, அதாவது வசந்தாவின் மாமியார், அதிகம் சிரிக்காதவர். வண்டிக்குப் பக்கத்தில் வந்து என் மடியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், சூரியன் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"ஆசாரி, இங்க வாய்யா. மாமன் மடியில உக்காந்தாச்சு. வண்டி கெழக்கப் பாத்துத்தான் நிக்குது. இங்கயே குத்திரு."

"கார்லயாம்மா?"

"எறக்கி வுட்டா மறுபடி தூணுக்கு ஓடிருவா. நல்ல நேரம் போவுது. குத்துய்யா."

வண்டியை அணைத்து, சாவியை எடுத்து செல்வியிடம் கொடுத்தேன்; ஹாரன் லைன் பேட்டரியிலிருந்து நேராக வருவதால் சாவி இல்லாமலும் கத்தும். ஆசாரி ஃபுட் ஸ்டெப்பில் ஒரு காலை ஊன்றி, கதவுக்குள் தலையை நுழைத்தார். யாழினியின் விரல் சுவிட்சில். அவர் ஊசியை எடுக்க, அவள் ஒரு அமுக்கு. வலது காது முடிந்தது. முகம் கோணியது, உதடு பிதுங்கியது, "அமுக்கு, அமுக்கு" என்று கூட்டமே கத்தியது. அமுக்கினாள். இடது காதும் முடிந்தது. அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள், விரலை மட்டும் எடுக்கவில்லை. மலை ஏறப் போனவர்கள்கூட நின்று, என்ன கூத்து என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சம்பந்தியம்மா திரும்பி, "வசந்தா எங்க?" என்றார்.

பின்னால் இருந்து யாரோ கை காட்டினார்கள்.

"ஏம்மா, அங்க நின்னுக்கிட்டு என்ன பண்ற? உம் பொண்ணு, உங்கண்ணன் வண்டி. முன்னால வா நீ."

கூட்டம் விலகியது. வசந்தா முன்னால் வந்தாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று மகளின் கன்னத்தைத் துடைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கம்மா. நீ கேட்ட சத்தம் வரல" என்றேன்.

5. கற்றுக்கொண்டது

எந்த வண்டியில் கை வைக்கிறோமோ அந்த வண்டியின் வோல்ட்டை முதலில் கேளுங்கள். சாமான் எந்த வண்டியில் ஓடப்போகிறதோ அந்த வண்டியின் பேட்டரியில் வைத்துச் சோதியுங்கள். முதல் சத்தம் சாமிக்கே போகட்டும், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் மல்டிமீட்டரைக் காட்டுவதைச் சாமி ஒன்றும் குறையாக எடுத்துக்கொள்ளாது.

இவ்வளவும் தொழில் பாடம். இதை எல்லாம் தெரிந்துகொண்டும் அந்த ஹாரனை நான் மாற்றவில்லை. கழற்றவும் இல்லை. குப்புசாமி பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, "மாத்திக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். இந்தச் சத்தத்துக்கு எந்தப் போலீஸும் வண்டியை நிறுத்த மாட்டார்.

நான் மாற்றாததற்குக் காரணம், அன்றைக்கு என் மன்னிப்புக்கு வசந்தா சொன்ன பதில். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. தன்னைச் சுற்றி நின்ற அந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கேட்டிருச்சுண்ணா. எல்லாருக்கும் கேட்டிருச்சு."